அட்டை கேட்காத கணக்கு



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் விறாந்தையில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் ஊர்ச் சகோதரர் ஒருவர் மடித்த காகிதமொன்றை என் கையில் தந்தார். வங்கியிலிருந்து வந்த கணக்குக் கூற்று. "மௌலவி, இதை ஒருக்காப் பாருங்க. நான் ஒண்டும் வாங்கல்ல. டொலர்ல காசு வெட்டியிருக்கு" என்றார். பார்த்தேன். ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரும் அதற்கெதிரே ஒரு தொகையும் இருந்தன. ரூபாவில் கணக்கிட்டால் அவருடைய அரை மாதச் சம்பளத்தைத் தாண்டும்.

விசாரித்தபோது விடயம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. கணனிக் கல்வி பயிலும் அவருடைய மகன், வகுப்பில் கொடுத்த ஒப்படைக்காக இணையத்தில் ஒரு கணனியை வாடகைக்கு எடுத்திருக்கிறான். "முதலில் இலவசம், ஒரு ரூபாவும் போகாது வாப்பா" என்று சொல்லி, தந்தையின் வங்கி அட்டை இலக்கத்தைக் கேட்டு வாங்கித்தான் பதிந்திருக்கிறான். களவில்லை, ஒளிவில்லை. ஒப்படையைக் கொடுத்தான், புள்ளியும் வாங்கினான், பிறகு மறந்துவிட்டான். இலவசத் தவணை முடிந்ததும் ஏதோ ஒரு பொத்தானை வாசிக்காமல் அழுத்தியிருக்கிறான். அதன் பின் இரண்டு மாதங்களாக, எங்கோ ஒரு நாட்டில், யாருக்கும் பயனில்லாமல் ஒரு கணனி இவர் செலவில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

தந்தை மகனை ஏசவில்லை. ஆனால் "இனி இந்தக் கணனிப் படிப்பே வேணாம்" என்று சொல்லிவிட்டார். என்னிடம் வந்ததும் அதற்கு ஆமோதிப்புக் கேட்கத்தான். எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. அன்று அவரிடம் நான் சொன்னதையும், பின்னர் என் வீட்டிலேயே நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். பல்கலைக்கழகத்தில் பிள்ளை படிக்கும் வீடுகளில் இன்றோ நாளையோ இந்தப் பேச்சு வரத்தான் போகிறது.

'கிளவுட்' என்கிறார்கள். பாடப்புத்தகத்தில் மேகக் கணிமை. மேகமும் இல்லை, மழையும் இல்லை. பெரிய நிறுவனங்கள் பண்டசாலை போன்ற கட்டடங்களில் ஆயிரமாயிரம் கணனிகளை அடுக்கி, குளிரூட்டி, இரவு பகலாக ஓடவிட்டு, அவற்றில் ஒரு பங்கை நேரக் கணக்கில் வாடகைக்குத் தருகின்றன. அமேசன் நிறுவனம் 2006ஆம் ஆண்டு இதைத் தொடங்கியது. மைக்ரோசொப்ட் நிறுவனம் 'அஸூர்' என்ற பெயரில் 2010 பெப்ரவரியில் கடை திறந்தது. மின்சார மானியைப் போல் இங்கும் மானி சுழலும். அயன் பெட்டியைப் போட்டுவிட்டு வெளியே போனால் மின்சார சபை நம்மைத் தேடி வந்து சொல்லாது, பட்டியல்தான் வரும். இங்கும் அப்படியே. இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு. அஸூரில் எடுத்த கணனியை, அதன் உள்ளிருந்தபடியே 'ஷட் டவுன்' செய்தால் வாடகை நிற்பதில்லை. அறைக்குள் விளக்கை அணைத்ததாகவே அது கொள்ளப்படும், அறை உங்கள் பேரில்தான் இருக்கும். கணக்குப் பக்கத்துக்கு வந்து அங்கிருந்து நிறுத்தினால்தான் கணனிக்கான வாடகை நிற்கும். அப்போதும் அதன் வன்தட்டுக்குரிய சிறு கட்டணம் ஓடும். முற்றாக அழித்தால்தான் அதுவும் ஓயும்.

அந்தப் பிள்ளை விட்ட பிழை படிப்பில் இல்லை, நுழைந்த வாசலில்தான் இருக்கிறது. மாணவருக்கென்று வேறொரு வாசல் இருப்பது அவனுக்குத் தெரியவில்லை.

நான் அறிந்த அளவில் விவரமாகச் சொல்லக்கூடியது 'அஸூர் ஃபோர் ஸ்டூடன்ட்ஸ்' என்ற மாணவர் கணக்கு. 18 வயது நிரம்பிய, பட்டப்படிப்பில் முழுநேரமாகப் பயிலும் மாணவருக்கு உரியது. வங்கி அட்டை கேட்பதில்லை. அதற்குப் பதிலாகப் பல்கலைக்கழகம் கொடுத்த மின்னஞ்சல் முகவரியைக் கேட்பார்கள். நம் நாட்டில் பெரும்பாலும் 'ஏசி புள்ளி எல்கே' என்று முடியும் முகவரி. அம்முகவரிக்கு ஓர் இணைப்பு வரும், அதை அழுத்தினால் மாணவர் என்பது உறுதியாகும். 100 டொலர் பெறுமதியான பாவனை உரிமை 12 மாதங்களுக்குக் கிடைக்கும். தொடர்ந்து மாணவராக இருந்தால் அடுத்த வருடம் புதுப்பிக்கலாம்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது அந்த 100 டொலரை அல்ல. அது முடிந்தால் என்ன நடக்கிறது என்பதைத்தான். தொகை தீர்ந்தாலோ 12 மாதங்கள் கழிந்தாலோ கணக்கு முடக்கப்படும். கடன் ஏறாது. வெட்டுவதற்கு அட்டை இல்லையே! ஆனால் 'பாவித்த அளவுக்குப் பணம் செலுத்தும் கணக்காக மாற்று' என்ற அழைப்பு ஒன்று வரும். அதை ஏற்று அட்டை இலக்கத்தைக் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பு அன்றோடு போயிற்று. பிள்ளைக்கு ஒரே ஒரு விடயத்தைச் சொல்லிவைக்க முடியுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

18 வயதாகாத பாடசாலைப் பிள்ளைகள் என்ன செய்வது? 'கிட்ஹப்' என்ற தளத்தில் 13 வயதிலிருந்தே கணக்குத் திறக்கலாம். அங்கே 'பேஜஸ்' என்ற வசதியால், எழுத்தும் படமும் உள்ள வெறும் பக்கங்களைக் கட்டணமின்றி வெளியிடலாம். தரவுகளைத் தேடி எடுத்து, கணக்குப் பார்த்து விடை சொல்லும் செயலி அதன் சேவைக் கணனியில் ஓடாது. பழகுவதற்கு அது போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மாணவர் மின்னஞ்சல் முகவரிகளையும், திறந்து வைத்த மாணவர் கணக்குகளையும் விலைக்கு விற்போர் இணையத்தில் இருக்கிறார்கள். எங்கள் அரபுக் கல்லூரி மாணவர்களுக்கு அத்தகைய முகவரி இல்லை என்பதால், "யாருடையதையாவது பாவிக்கலாமா ஹஸரத்?" என்று என்னிடமே ஒருவர் கேட்டார். 'நான் இன்ன பல்கலைக்கழக மாணவன்' என்று எழுதிக் கையொப்பமிடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று திருப்பிக் கேட்டேன். பேசாமல் போய்விட்டார்.

இனி என் வீட்டுக் கதை.

என் மூத்த மகள் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். எங்கள் கல்லூரி நூலகத்தில் 900க்குச் சற்று அதிகமான நூல்கள் உண்டு. மாணவர் மட்டுமன்றி ஊர்ப் பெண்களும் பிள்ளைகளை அனுப்பி இரவல் எடுப்பார்கள். எந்த நூல் எந்த அலுமாரியில், எத்தனையாம் தட்டில் இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பதெல்லாம் ஒரு நீளப் பதிவேட்டில் இருந்தன. விடுமுறைக்கு வந்த மகள் அதைப் பார்த்துவிட்டு, "இதை ஒரு வலைச் செயலியா ஆக்கித் தாரேன் வாப்பா" என்றாள். பைதன் மொழியில், 'பிளாஸ்க்' என்ற துணைக் கருவியைக் கொண்டு நான்கு மாலைப்பொழுதில் எழுதி முடித்தாள். நூலின் பெயரில் இரண்டு எழுத்தைத் தட்டினால் அலுமாரி இலக்கம் வந்துவிடும்.

அவளது மடிக்கணனியில் அது அருமையாக ஓடியது. திரையில் தெரிந்த முகவரியை அப்படியே என் கைத்தொலைபேசியில் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. மகள் சிரித்துவிட்டாள். அது 127 என்று தொடங்கும் முகவரி. 'இந்தக் கணனியே' என்பதுதான் அதன் பொருளாம். என் தொலைபேசியில் அடித்தால் தொலைபேசி தன்னைத் தானே தேடும். வீட்டுக்குள் 'நான்' என்று ஒருவர் சொல்வதை வெளியூரில் இருந்து விலாசமாக எழுத முடியுமா? வெளியே இருப்பவரும் காண வேண்டுமாயின் எப்போதும் விழித்திருக்கும் ஒரு கணனியில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அதற்குத்தான் மாணவர் கணக்கு.

கணக்கைத் திறந்தபின் அவள் முதலில் செய்தது 'ரிசோர்ஸ் குரூப்' என்ற ஒரு பொதி உண்டாக்கியது. இந்த வேலைக்காக எடுக்கும் எல்லாம் அதற்குள் இருக்கும். பின்னர் ஒருநாள் அந்தப் பொதியை அழித்தால் உள்ளிருப்பது அத்தனையும் போய்விடும், மறந்துபோன ஒன்று மூலையிலிருந்து மானி சுழற்றாது. நல்ல ஒழுங்கு. அடுத்து, கணனி எந்தப் பிரதேசத்தில் இருக்க வேண்டும் என்ற கேள்வி. இலங்கையில் அஸூர் நிலையம் இல்லை. அருகில் சிங்கப்பூரும், இந்தியாவில் புனேயும் சென்னையும் உண்டு. மாணவர் கணக்குக்கு எல்லாப் பிரதேசங்களும் திறந்திருப்பதில்லை, அனுமதித்த ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பிறகு திட்டம். இங்குதான் கண் விழிப்பாக இருக்க வேண்டும். முன்னிருப்பாகத் தெரிவாகியிருப்பது கட்டணத் திட்டமாக இருக்கலாம். அதை மாற்றி 'எஃப் ஒன்' என்ற கட்டணமற்ற திட்டத்தைத் தெரிவு செய்ய வேண்டும். நாளொன்றுக்கு 60 நிமிட செயலாக்க நேரமும் 1 கிகாபைட் இடமும் அதில் கிடைக்கும். 60 நிமிடம் என்றதும் ஒரு மணித்தியாலம்தான் திறந்திருக்குமோ என்று நான் நினைத்தேன். அப்படியல்ல, கணனியின் மூளை உண்மையில் வேலை செய்த நேரம் மட்டும் கணக்கு. ஒரு தேடலுக்கு நொடியின் சிறு பங்கு போதும்.

எழுதிய நிரலை கிட்ஹப் தளத்தில் ஏற்றி, அஸூரில் அதனைத் தொடுத்தாள். இனி இங்கு திருத்தி அனுப்பினால் அங்கு தானாக மாறும். முகவரியைத் திறந்தால் சோகமுகம் ஒன்றோடு 'அப்ளிகேஷன் எரர்'! மக்ரிப் வரை தலையைப் பிய்த்துக்கொண்டாள். அஸூர் எழுதிவைக்கும் நாட்குறிப்பைத் திறந்து பார்த்தபோது காரணம் ஒரு வரியில் இருந்தது: பிளாஸ்க் என்ற ஒன்றைக் காணவில்லை. அவளது மடிக்கணனியில் அது முன்னமே இருந்தது. வாடகைக் கணனியோ வெறும் அறை. என்னென்ன கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் கோப்பு எழுதி, நிரலின் முதல் மட்டத்திலேயே வைக்க வேண்டும். அவள் அதை எழுதியிருந்தாள், உள்ளே ஒரு கோப்புறைக்குள் வைத்துவிட்டாள். வெளியே எடுத்து வைத்து மீண்டும் அனுப்பினாள். சில நிமிடங்களில் எங்கள் நூலகம் என் தொலைபேசியில் திறந்தது. உம்மாவை அழைத்துக் காட்டினாள். குவைத்தில் இருக்கும் தன் மாமாவுக்கும் முகவரியை அனுப்பினாள். அவர் அங்கிருந்தே ஒரு நூலைத் தேடி, "மூன்றாம் அலுமாரி" என்று பதில் எழுதினார். நானும் சந்தோஷத்தில்தான் இருந்தேன்.

இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக அமர்ந்து நானே தேடிப் பார்த்தேன். ஒரு நூலின் பெயரை அடித்தேன். 'இரவலில் உள்ளது' என்று வந்தது. அதன் கீழே எடுத்தவரின் பெயர். அதன் கீழே தொலைபேசி இலக்கம்.

எங்கள் பதிவேட்டில் இருந்ததைத்தான் மகள் அப்படியே ஏற்றியிருந்தாள். பதிவேடு நூலகத்தின் மேசைக்குள் இருப்பது. அதைப் பார்ப்பவர் பொறுப்பாளரும் நானும். இப்போதோ குவைத்தில் இருப்பவரும் பார்க்கலாம், நாம் அறியாத எவரும் பார்க்கலாம். 43 குடும்பங்கள். அவர்களில் அரைவாசிக்கு மேல் பெண்கள். எந்தச் சகோதரி எந்த நூலை வாசிக்கிறார் என்பதும் அதில் இருந்தது. குடும்பப் பிணக்குப் பற்றிய நூல்களும் எங்கள் தட்டில் உண்டு.

மகளைக் கூப்பிட்டேன். பார்த்த உடனே முகம் மாறிவிட்டது. முதலில் செயலியை நிறுத்தினாள். அதற்கு ஒரு பொத்தான் போதும். பிறகு இரவல்காரர் கோப்பை நிரலிலிருந்து அழித்தாள். "முடிஞ்சுது வாப்பா" என்றாள். எனக்கு இந்தத் தொழிலில் ஒன்றும் தெரியாது. பதிவேட்டில் ஒரு வரியை வெட்டினாலும் வெட்டின வரி வாசிக்கக் கிடக்குமே என்ற எண்ணத்தில்தான், "அழிச்சது அழிஞ்சுதா மகள்?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசவில்லை. பின்பு "இல்ல" என்றாள்.

கிட்ஹப் போன்ற தளங்களின் வேலையே பழையதைப் பாதுகாத்து வைப்பதுதான். நேற்று என்ன இருந்தது, யார் எதை மாற்றினார் என்பதெல்லாம் வரலாறாக உள்ளே கிடக்கும். இன்று அழித்த கோப்பை நேற்றைய பக்கத்துக்குப் போய்த் திறந்து வாசிக்கலாம். அவளது களஞ்சியமோ எல்லோருக்கும் திறந்ததாக இருந்தது. 2019 ஜனவரியிலிருந்து கட்டணமற்ற கணக்கிலும் மூடிய களஞ்சியம் வைத்துக்கொள்ளலாம் என்பது அவளுக்குத் தெரியும். நூல் பட்டியல்தானே என்று திறந்தே விட்டிருந்தாள். அன்றிரவு அந்தக் களஞ்சியத்தையே முழுதாக அழித்து, இரவல்காரர் விவரம் எதுவுமின்றிப் புதிதாக, மூடியதாக இன்னொன்றை உண்டாக்கினாள். கணக்குப் பார்த்தால் பெயர்களும் இலக்கங்களும் வெளியில் இருந்தது ஏறத்தாழ மூன்று மணித்தியாலம். அதற்குள் யாரேனும் பிரதி எடுத்தார்களா என்பதை அறிய எங்களுக்கு வழியில்லை.

இதை யாரும் கண்டிருக்கமாட்டார்கள், பேசாமல் விட்டுவிடலாம் என்று வீட்டில் ஒரு பேச்சு வந்தது. என் மனம் ஒப்பவில்லை. நூலகத்தை நம்பித் தந்த இலக்கம் அது, அமானிதம். நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நிறைவேறியிருப்பதையும் மகள்தான் எனக்குச் சொன்னாள். சட்டம் இருக்கட்டும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் 43 வீடுகளுக்கும் அறிவித்தோம். ஆண்களுக்கு நான், பெண்களுக்கு மகள். பலர் "பரவாயில்ல" என்றார்கள். ஒரு சகோதரி மாத்திரம், "நம்பர் மட்டுமா, எடுத்த கிதாபுட பேரும் தெரிஞ்சதா?" என்று கேட்டிருக்கிறார். தெரிந்தது என்று மகள் உண்மையைச் சொன்னாள். அவர் அதன் பின் நூல் எடுக்க ஆள் அனுப்பவில்லை. எங்களுக்கு அது இன்றும் முள்தான்.

இப்போது செயலியில் நூலின் பெயர், ஆசிரியர், அலுமாரி, தட்டு, 'உண்டு' அல்லது 'இல்லை' என்ற ஒரு சொல், இவ்வளவுதான். யார் கையில் என்பது பழையபடி நீளப் பதிவேட்டில், மேசைக்குள். சேர்ப்பதும் மாற்றுவதும் ஒரு கடவுச்சொல்லுக்குப் பின்னால். அந்தக் கடவுச்சொல்லும் நிரலுக்குள் எழுதப்படவில்லை. அஸூரின் அமைப்புப் பக்கத்தில் தனியே வைக்க இடமுண்டு, அங்கே இருக்கிறது.

சிறு தொல்லை ஒன்று பின்னரும் வந்தது. பொறுப்பாளர் ஒரு மாலை முழுவதும் அமர்ந்து 30 புதிய நூல்களைப் பதிந்தார். மறுநாள் ஒன்றுமில்லை! இம்முறை மகளுக்குக் காரணம் விளங்க இரண்டு நாள் சென்றது. வாடகைக் கணனி செயலியை ஒரு தற்காலிக இடத்தில் விரித்து ஓட்டுகிறது. செயலியின் கோப்புறைக்குள் எழுதியது, அது மறுபடி தொடங்கும்போது போய்விடும். 'ஹோம்' என்ற கோப்புறையில் எழுதியதே நிலைக்கும். தரவுக் கோப்பை அங்கு மாற்றினாள். பொறுப்பாளர் 30 நூல்களையும் பொறுமையாக மறுபடி பதிந்தார். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பட்டியலை ஒரு பென் ட்ரைவில் பிரதி எடுத்து அலுமாரியில் பூட்டுகிறார், யார் சொல்லியும் அல்ல.

அந்த அட்டைக்காரச் சகோதரரின் மகனை நாங்கள் வீட்டுக்கு அழைத்தோம். எங்கள் வெள்ளை விறாந்தையில், தந்தையும் அருகிலிருக்க, பழைய கணக்கில் ஓடிக்கொண்டிருந்ததை முதலில் அழித்தான், பின்னர் அட்டையை நீக்கினான். அவனுக்கும் பல்கலைக்கழக முகவரி இருந்ததால் மாணவர் கணக்குத் திறந்தான். கணக்குப் பக்கத்தில் மீதித் தொகை எங்கே தெரிகிறது, குறித்த எல்லை வந்ததும் மின்னஞ்சல் வரச் செய்வது எப்படி என்று தந்தைக்கும் காட்டினான். அந்த அறிவிப்பு மடல் அனுப்புமே தவிரச் செலவை நிறுத்தாது என்பதையும் சேர்த்துச் சொன்னான். தந்தை அந்த இடத்தைத் தன் தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டார். படிப்பை நிறுத்துவது பற்றி அதன் பிறகு பேச்சில்லை.

மகள் அடுத்த வருடம் பட்டம் பெற்றுவிடுவாள். மாணவர் கணக்கும் அத்தோடு முடியும். அதற்கு முன் நூலகத்தை எங்கு மாற்றுவது என்று இப்போதே யோசிக்கிறோம். கட்டணமற்ற திட்டத்தில் இன்னொரு குறை, 20 நிமிடம் யாரும் எட்டிப் பார்க்காவிட்டால் செயலி உறங்கிவிடும். காலையில் முதலாவதாகத் தேடுபவர் அது எழுந்து வரும்வரை சற்றுக் காத்திருக்க வேண்டும். எங்கள் பொறுப்பாளர் முகவரியைத் தட்டிவிட்டு, அந்த நேரத்தில் நூலகத்தின் ஜன்னல்களைத் திறந்துவிடுகிறார்.